லொத்தர்ப் பணமும் அறப்பணியும்

மாத்தளை நகரத்திலும் ரத்தோட்டை, உக்குவளைக் கடைத்தெருக்களிலும் லொத்தர்ச் சீட்டு விற்போரைக் காணலாம். தோட்டத்திற் சம்பளம் பெற்றவரும் சீட்டொன்றை வாங்கி மடியிற் செருகிக்கொள்கின்றனர். பரிசு விழாவிடினும் பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகின்றது என்பது பலர்தம் ஆறுதல். அவ்வாறுதல் எத்துணை உண்மையானது என்பது ஆராயத்தக்கது.

பொதுப்பணிக்குச் சீட்டு நடத்துதல் புதிய வழக்கன்று. இலண்டனிலுள்ள பிரித்தானிய அரும்பொருட்சாலைக்கே 1753ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீட்டு நடத்திப் பொருள் திரட்டினர். அயர்லாந்தில் 1930 முதல் மருத்துவமனைகளுக்கெனப் பந்தயச் சீட்டு நடைபெற்றது.

இலங்கையில் இப்பணியை இரு சபைகள் நடத்துகின்றன. முன்னது, 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய தேசிய லொத்தர் சபை. அதன் வருவாய் அரசின் திரட்டு நிதியைச் சேர்கின்றது. கடலிற் கலந்த ஆற்றுநீரைப் பிரித்துக் காட்டுதல் இயலாதவாறு, அப்பணம் எப்பாடசாலைக்கு, எம்மருத்துவமனைக்குச் சென்றதெனக் கூறல் அரிது. பின்னதாகிய அபிவிருத்தி லொத்தர் சபை 1997ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் பணம் செல்லும் வழி தெளிவானது: ஒரு பங்கு ஜனாதிபதி நிதியத்துக்கும், மற்றொரு பங்கு மகாபொல நம்பிக்கை நிதியத்துக்கும் உரியது.

ஆயினும் சீட்டின் விலை முழுவதும் அறமாகி விடுவதில்லை. பரிசுத்தொகை, விற்பவர் தரகு, அச்சு, விளம்பரம் என்பன கழிந்த பின்னர் எஞ்சுவதே நிதியங்களை அடைகின்றது. அறஞ்செய்ய விரும்புவார்க்கு இது சுற்றுவழியேயாம். மேலும், வறியவன் தன் வருவாயிற் பெரும்பங்கை இழந்தே இவ்வழியிற் பங்குகொள்கின்றான் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

1981இல் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் தோன்றிய மகாபொல, பல்கலைக்கழகம் புகும் வறிய மாணவர்க்கு மாதந்தோறும் உதவுகின்றது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அத்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற ஜனாதிபதி நிதியமோ, இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை முதலிய பெருஞ்செலவுகளில் கைகொடுப்பது. சிறுநீரக நோயால் துயருறும் வில்கமுவைப் பகுதியினர்க்கு இதன் பெறுமதி விளக்க வேண்டுவதன்று.

ஆனால் இவ்வுதவி தேடி வருவதன்று, விண்ணப்பித்தோர்க்கே கிடைப்பது. முன்னர் இதன்பொருட்டுக் கொழும்பை நாடவேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அப்பயணமே பலநாட் சம்பளத்தை விழுங்குவது. சீட்டை நாடோறும் வாங்கியவரும் நிதியத்தின் பெயரையே கேளாதிருந்தமை வியப்பன்று. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டுள்ளது. மாத்தளை மாவட்டத்தில் அத்தகைய செயலகங்கள் 11 உள. மருத்துவச் சான்றும் குடும்ப வருமானச் சான்றும் கொண்டு, ரத்தோட்டையார் ரத்தோட்டையிலும் வில்கமுவையார் வில்கமுவையிலும் விண்ணப்பத்தைக் கையளிக்கலாம்.