காய்ச்சல் தடுப்பூசியும் பக்கத்துத் தோட்டமும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பண்ணைக்காட்டில் இருமல் ஒலி கேட்காத வீடு அரிது. பெரும்பாலும் அது வெறும் சளிதான். ஆனால், ஒரு பகுதி இன்ஃப்ளூயன்சா. இளையோர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவர். முதியோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் அது நிமோனியாவாக முற்றக்கூடும்.

இதற்கான தடுப்பூசி நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. சில மாநிலங்கள் குறிப்பிட்ட பிரிவினருக்கு அளிப்பதைத் தவிர, ஏனையோர் தனியார் மருத்துவமனையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். காப்பித் தோட்டக் கூலியில் வாழும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது எட்டாது. 'வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டும்' என்பதே நடைமுறைக் கொள்கையாகிவிட்டது. பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

காரணத்தை எங்கள் மலைவாழையைக் கொண்டே சொல்லலாம். 1970களில் கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் சூறையாடியது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. என் தந்தை நோய்கண்ட மரங்களைக் கிழங்கோடு தோண்டி அழித்தார். மேட்டுத் தோட்டக்காரர் அழிக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் இரு தோட்டங்களிலும் வாழை இல்லை. ஒருவர் செய்யும் செலவின் பயன் அடுத்தவருக்கும் போய்ச் சேர்வதைப் பாடநூல்கள் புறவிளைவு என்கின்றன. அத்தகைய பொருளைச் சந்தையிடம் மட்டும் விட்டால், சமூகத்துக்குத் தேவையான அளவு வாங்கப்படுவதில்லை.

ஜப்பான் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசியைப் பரவலாகப் போட்டது. ஐயங்கள் எழ, 1987இல் கட்டாயம் தளர்ந்தது. 1994இல் திட்டமே நின்றது. 2001இல் வெளியான ஆய்வொன்று, திட்டம் நடந்த காலத்தில் குளிர்கால மரணங்கள், பெரும்பாலும் முதியோருடையவை, குறைந்திருந்ததையும் நின்றபின் உயர்ந்ததையும் காட்டியது. ஏறத்தாழ 420 பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி ஓர் உயிரைக் காத்தது என்பது அதன் மதிப்பீடு. அது தற்செயல் தொடர்பாக இருக்கலாம் என்று மறுத்தோரும் உண்டு. ஆனால், கனடாவின் ஹட்டரைட் சமயக் குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு மட்டும் தடுப்பூசி போட்டு நடத்திய சோதனையில், ஊசி போடாத மற்றவர்களுக்கும் 61 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. அந்த முடிவுகள் 2010இல் வெளியாயின.

வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், பொருத்தமான ஆண்டுகளிலும் இத்தடுப்பூசியின் பலன் 40 முதல் 60 விழுக்காடுதான். எல்லா வகைகளையும் தடுக்கும் ஒரே ஊசிக்கான ஆய்வுகள் நடைபெறுகின்றன. அது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்போரின் வாதம் எனக்குத் தலைகீழாகவே படுகிறது: ஊசி போட்டவருக்கே காப்பு அரைகுறை என்னும்போது, சுற்றியிருப்போரிடம் நோய் குறைவதுதானே அவருக்கு எஞ்சிய துணை?

தமிழகத்தில் இக்காய்ச்சல் மழைக்காலத்தில் பெருகுகிறது. ஊசி பலன் தர இரண்டு வாரங்கள் ஆகும். எனவே, செப்டம்பரிலேயே போட்டுவிட வேண்டும். பள்ளிகளுக்குச் செல்லும் அரசு மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே உள்ளன. கொடைக்கானல் வட்டப் பள்ளிகளில் இரண்டு பருவங்கள் செய்து பார்க்கலாம். அப்போது வரவு செலவுக் கணக்கில் பிள்ளைகளின் காய்ச்சல் நாட்களோடு, வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியின் மருத்துவமனைச் செலவையும் சேர்த்தே எழுத வேண்டும்.