மெடூசாவின் மோப்பம்

ஓர் அறிவியல் கருவிக்கு ‘மெடூசா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று முதன்முதலில் படித்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. தலைமுடிக்குப் பதிலாகப் பாம்புகள் நெளியும் அந்தக் கிரேக்கக் கதைப் பெண்ணேதான்! படத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. மெல்லிய குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வளைந்து, நெளிந்து, பின்னிக் கிடக்கின்றன. வேறு எந்தப் பேரும் அதற்குப் பொருந்தாது.

கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் உருவானவள் இவள். வேலை என்ன தெரியுமா? வெளியே வீசும் காற்றில் சுமார் இரண்டு லிட்டரை இழுப்பாள். அதை மைனஸ் 165 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த ஒரு சின்னப் பொறிக்குள் அனுப்புவாள். அந்தக் குளிரிலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உறையாமல் கடந்து போய்விடும். குளோரின், ஃபுளோரின், புரோமின் சுமந்த வாயுக்கள் மட்டும் எலிப்பொறியில் சிக்கிய எலிபோல மாட்டிக்கொள்ளும். பிறகு மெதுவாகச் சூடேற்றி, ஒவ்வொன்றாக வெளியே விட்டு, அதன் நிறையைக் கொண்டு ‘நீ இன்னார்’ என்று அடையாளம் சொல்வாள். இப்படி 40க்கும் மேற்பட்ட வாயுக்கள்! ஒருமுறை காற்றை அளந்தால், அடுத்து அளவு தெரிந்த சிலிண்டர் காற்றை அளந்து தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்வாள். இரவு பகல் பாராமல், ஆண்டு முழுவதும் இதே வேலை.

இவள் தேடும் அளவைச் சொன்னால் தலை சுற்றும். ஒரு லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளில் ஒன்று. காலக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 31,700 ஆண்டுகளில் ஒரே ஒரு நொடி. சிஎஃப்சி-11 என்ற வாயு இன்று அந்த லட்சம் கோடியில் 220ஐ ஒட்டி இருக்கிறது. அதில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் மெடூசாவுக்குத் தெரிந்துவிடும்.

இந்த மோப்பக் கலையைத் தொடங்கி வைத்தவர் ஜேம்ஸ் லவ்லாக். 1950களின் இறுதியிலேயே எலெக்ட்ரான் பிடிப்புக் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் விடுமுறை வீடு அவருக்கு. சில நாட்களில் வானம் மங்கலாக இருக்கும். அது இயற்கையான மூட்டமா, ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் புகையா? அந்தக் கருவியால் அளந்து பார்த்தார். மூட்டமான நாளில் சிஎஃப்சி-11 கூடியிருந்தது. இயற்கை அந்த வாயுவைச் செய்யாது. ஆகவே மூட்டமும் மனிதன் அனுப்பியதே. விடுமுறையில் இருக்கும்போது இப்படி யோசிக்கும் மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. 1971இல் ‘ஷேக்கிள்டன்’ கப்பலில் ஏறி அன்டார்க்டிகா நோக்கிப் போகும் வழியெல்லாம் அளந்தார். ஆலையே இல்லாத நடுக்கடலிலும் அந்த வாயு இருந்தது.

அப்படியானால் விட்ட வாயு எங்கும் அழியாமல் அப்படியே மிதக்கிறதா? ரோலண்ட், மொலினா என்ற விஞ்ஞானிகள் 1974இல் பதில் சொன்னார்கள்: மேலே, ஓசோன் படலம் வரை ஏறிப் போய், புற ஊதாக் கதிரில் உடைந்து, குளோரினைக் கக்கும். ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும்.

அடுத்த ஆண்டு வந்த கண்டுபிடிப்பைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ஓர் இளைஞர், வீரபத்ரன் ராமநாதன். படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியில் வேலை. பெட்டிகளிலிருந்து கேஸ் ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பதே அவருக்குக் கொடுத்த பணி. அந்த வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. அமெரிக்கா போனார். 1975இல் அதே கேஸைப் பற்றி உலகையே நிமிரவைத்த ஒன்றைச் சொன்னார்: ஒரு சிஎஃப்சி மூலக்கூறு, பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு இணையாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஓசோனைத் தின்பது மட்டுமில்லை, பூமியையும் சூடாக்கும்! நம்மூர் ஏசி மெக்கானிக் ‘கேஸ் போயிடுச்சு சார்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் செகந்திராபாத் இளைஞர்தான் நினைவுக்கு வருகிறார். போன கேஸ் எங்கே போயிற்று என்று தேடியவர் அவர்.

1987இல் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் ஒப்பந்தம். 2010க்குள் உலகம் முழுக்க சிஎஃப்சி உற்பத்திக்கு முடிவு. அதற்கு முன்பே காற்றிலும் சிஎஃப்சி-11இன் அளவு இறங்கத் தொடங்கியிருந்தது. கதை சுபம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இப்போது அமெரிக்காவின் போல்டர் நகரத்துக்கு வாருங்கள். நோவா என்ற அரசு நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே இருக்கிறது. ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவு, அலாஸ்கா, சமோவா, தென்துருவம் என்று பல மூலைகளிலிருந்து காற்று அடைத்த குடுவைகள் அங்கே வந்து சேர்கின்றன. ஒவ்வொரு தடவையும் இரட்டையாகத்தான் அடைப்பார்கள். இரண்டும் ஒரே கணக்குச் சொன்னால்தான் நம்புவார்கள். தென்துருவத்தில் குளிர்காலம் முழுக்க விமானமே கிடையாது. அங்கே மாதக் கணக்கில் அடைத்துவைத்த குடுவைகள் வசந்தம் வந்ததும் மொத்தமாக வந்து இறங்கும். அந்தப் பெட்டிகளைப் பிரிக்கும் ஆளாக ஒரே ஒரு நாள் இருக்கக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அங்கே ஸ்டீவன் மான்ட்ஸ்கா என்ற விஞ்ஞானிக்கு வரைபடத்தில் ஒரு கோடு உறுத்தத் தொடங்கியது. சிஎஃப்சி-11 இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 2012க்குப் பிறகு இறங்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கருவிக் கோளாறா? பழைய கட்டடங்களை இடிக்கும்போது சுவருக்குள் இருந்த ஃபோமில் அடைபட்ட வாயு கசிகிறதா? மேல்வளிமண்டலச் சுழற்சி மாறிவிட்டதா? ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். எதுவும் அந்தக் கோட்டை முழுதாக விளக்கவில்லை. வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் உள்ள வித்தியாசம் விரிந்துகொண்டே போனது. அப்படியானால் கசிவு வடக்கில். மௌனா லோவாவில் இந்த வாயு கூடியபோது தொழிற்சாலை வாயுக்கள் சிலவும் கூடவே கூடின. 2018 மே மாதம் கட்டுரை வந்தது: யாரோ புதிதாக, ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் கூடுதலாக விடுகிறார்கள், அது கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிறது.

சில வாரங்களில் சூழல் புலனாய்வு முகமை என்ற அமைப்பு சீனாவின் ஃபோம் ஆலைகளோடு பேச்சுக் கொடுத்தது. 18 நிறுவனங்கள் சிஎஃப்சி-11 பயன்படுத்துவதை ஒப்புக்கொண்டன.

ஆனால் எந்த மாகாணம், எத்தனை டன்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. தமிழில் வாடை, கோடை, கொண்டல், தென்றல் என்று திசைக்கொரு பேர் வைத்துக் காற்றைக் கூப்பிடுகிறோம் இல்லையா? தென்கொரியாவின் ஜேஜு தீவில், மேற்குக் கரையோரம் கோசான் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மெடூசாவுக்கும் திசைதான் எல்லாமே. கோடைக்காலத்தில் பசிபிக்கின் சுத்தமான காற்று வரும். கோடு அமைதியாகக் கிடக்கும். குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து, சீனாவைத் தழுவிக்கொண்டு வரும் காற்றில் கோடு விர்ரென்று எழும்பும். ஜப்பானில் மக்கள் வாழும் தென்கோடித் தீவான ஹதெருமாவிலும் இப்படி ஒரு நிலையம் உண்டு. எழும்பிய ஒவ்வொரு முனையையும் எடுத்துக்கொண்டு, அந்த நேரத்துக் காற்றைக் கணினியில் பின்னோக்கி ஓடவிடுவார்கள். ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்கள் வந்த வழியே திரும்பி, கடலைத் தாண்டி, நிலத்தைத் தொடும் இடம்தான் பிறந்த வீடு!

2019இல் விடை வந்தது. மாட் ரிக்பி, சன்யங் பார்க் முதலானோர் எழுதிய கட்டுரை, கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களையும் அவற்றின் சுற்றுவட்டாரத்தையும் கைகாட்டியது. ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் கூடுதல் அங்கிருந்து. அதன்பின் நடந்ததைப் படித்தபோது எழுந்து நின்று கை தட்டினேன். சீனா சோதனைகளை இறுக்கியது. 2018க்கும் 2019க்கும் இடையில் உலகக் கசிவு சுமார் 18,000 டன் குறைந்தது. குறைந்ததைச் சொன்னவையும் அதே குடுவைகள், அதே மெடூசாக்கள். சிஎஃப்சி-11இன் ஆயுள் அரை நூற்றாண்டு. ஆகவே அன்டார்க்டிகாவின் ஓசோன் 1980 நிலைக்குத் திரும்ப 2066 வரை ஆகும் என்கிறது 2022இல் வந்த சர்வதேச மதிப்பீடு. ஆனாலும் அது திரும்புகிறது!

எல்லா வாயுவும் இப்படி அடங்கிவிடவில்லை. குளிர்சாதன வாயு ஒன்றின் தயாரிப்பில் வேண்டாத துணைப் பொருளாகப் பிறக்கும் எச்எஃப்சி-23 கார்பன் டை ஆக்சைடைவிடப் பதினாலாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கூட்டும். சீனாவும் இந்தியாவும் அதை எரித்து அழித்துவிட்டதாகக் கணக்குக் காட்டிய பிறகும், 2018இல் காற்றில் அதன் வெளியேற்றம் அதுவரை இல்லாத உச்சத்தில் இருந்தது. படித்தபோது நெஞ்சு கனத்தது.

கடைசியாக ஓர் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம். டாஸ்மேனியாவின் வடமேற்கு முனையில் கேப் கிரிம் என்ற குன்று. தென்மேற்கிலிருந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆளில்லாக் கடலைத் தாண்டிக் காற்று வரும்போது மட்டும், ஓர் எஃகு உருளையைத் திரவ நைட்ரஜனில் முக்கி, உள்ளே காற்றை உறையவைத்து நிரப்புகிறார்கள். ஓர் உருளைக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர். 1978 முதல் இப்படி ஆண்டுக்குச் சில உருளைகள் மெல்போர்ன் அருகே அடுக்கில் சேர்கின்றன. நிரப்பியவர்களுக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. 2014இல் அந்தப் பழைய காற்றையும் கிரீன்லாந்துப் பனியில் சிக்கியிருந்த காற்றையும் புதிய கருவிகளால் அளந்தவர்கள், யாரும் அதுவரை காற்றில் பார்த்திராத நான்கு வாயுக்களைக் கண்டுபிடித்தார்கள். நான்கும் மனிதர் செய்தவை. 1978இன் காற்று, முப்பத்தாறு ஆண்டு கழித்து வாயைத் திறந்திருக்கிறது!

இந்த ஆண்டின் உருளைகளும் அந்தக் குன்றில் வரிசையில் நிற்கின்றன. காற்று தென்மேற்குக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.