லோக்டாக் ஏரியின் அழகுக்கு அணையால் ஆபத்து
மணிப்பூரின் லோக்டாக் ஏரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளைக் கவர்பவை, செடிகொடிகளும் மண்ணும் பின்னி மிதக்கும் "பும்டி" திட்டுகள். இத்திட்டுகளின் மீதே கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்கா அமைந்துள்ளது. சங்காய் மான்களின் கடைசி இயற்கைப் புகலிடம் இது. 1975-ல் 14 மான்களே இருந்தன. 2016-ல் எண்ணிக்கை 260 ஆனது.

ஆனால், மத்திய அரசு நிறுவனமான என்.எச்.பி.சி.யின் 105 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக 1983-ல் செயல்பாட்டுக்கு வந்த இதாய் தடுப்பணை, ஏரியின் நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் உயர்த்தியே வைத்திருக்கிறது. முன்பு வறண்ட பருவத்தில் தரைதட்டி, வேரூன்றி ஊட்டம் பெற்ற திட்டுகள் இப்போது மெலிகின்றன. மானின் எடையைத் தாங்கும் வலுவை அவை இழந்து வருகின்றன.

2006-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 2011-ல் மீனவர் குடிசைகள் அகற்றப்பட்டன. தடுப்பணையோ நீடிக்கிறது. பருவத்துக்கேற்ப நீர்மட்டத்தைக் குறைக்க மத்திய, மாநில அரசுகள் முன்வராவிட்டால், பயணிகள் காணப் பூங்கா மிஞ்சாது.