லினக்ஸில் 'ஆட்டோரிமூவ்' கொடுக்கப் போறீங்களா? 'ஒய்' தட்டும் முன் இதைக் கவனிங்க!

சங்கரன்கோவிலோ சென்னையோ, 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. அதில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ஓஎஸ் இது.

இதுபோன்ற லினக்ஸில் டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னா, பலரும் சொல்லும் முதல் வைத்தியம் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்'. நல்ல கட்டளைதான். ஆனால் கண்ணை மூடிக்கிட்டு கொடுத்தால் டெஸ்க்டாப்பே காணாமல் போகலாம்.

எதைக் குப்பை என்கிறது?

ஒரு மென்பொருளை நிறுவினால், அது இயங்கத் தேவையான 'டிபென்டன்சி' எனும் துணைத் தொகுப்புகளும் கூடவே வரும். நீங்கள் கேட்டு வந்தது 'மேனுவல்', ஒட்டிக்கொண்டு வந்தது 'ஆட்டோ' என ஆப்ட் குறித்து வைக்கும். மெயின் மென்பொருளை நீக்கிய பிறகும் துணைத் தொகுப்புகள் அங்கேயே கிடக்கும். மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பிய பிறகும் தங்கிவிட்ட சொந்தக்காரங்க மாதிரி! வேறு எதற்கும் அவை தேவையில்லை என்றால், ஆட்டோரிமூவ் அவற்றை வெளியேற்றும். பழைய கெர்னல்களும் இப்படித்தான் போகின்றன.

சிக்கல் எங்கே?

நீங்கள் தினமும் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது ஆப்டுக்குத் தெரியாது. அது எப்படி வந்தது என்பது மட்டுமே தெரியும். டெஸ்க்டாப்பில் உள்ள பல செயலிகள் 'மெட்டா பேக்கேஜ்' என்ற ஒற்றைத் தொகுப்பை நம்பி வந்தவை. அதில் ஒரு மெயில் செயலியை வேண்டாம் என நீக்கினால், மெட்டா பேக்கேஜும் சேர்ந்து போய்விடலாம். அப்போது மிச்சமுள்ளவையும் அநாதைப் பட்டியலில் சேரும் ஆபத்து உண்டு.

2021-ல் பிரபல யூடியூபர் லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ்-ல் ஸ்டீம் நிறுவப்போய் டெஸ்க்டாப்பையே இழந்தார். அது ஆட்டோரிமூவ் அல்ல, டிபென்டன்சி மோதல். ஆனால் எதெல்லாம் நீக்கப்படும் என்ற பட்டியல் திரையிலேயே இருந்தது. எச்சரிக்கையைத் தாண்டிப் போனதுதான் வினை.

என்ன செய்யலாம்?

பட்டியலை முழுசா படிங்க. தெரிந்த பெயர் இருந்தால் 'என்' தட்டி வெளியே வாங்க. 'ஆப்ட்-மார்க் மேனுவல்' கட்டளையுடன் அந்தப் பெயரைக் கொடுத்தால், ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. கேள்வியே கேட்காமல் நீக்கும் '-ஒய்' பக்கம் போகவே வேண்டாம்.

ஏற்கெனவே தட்டிட்டீங்களா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். லாகின் செய்து, ஆப்டின் 'ஹிஸ்டரி' லாகைத் திறந்தால் நீக்கப்பட்டவற்றின் பெயர்கள் தேதியோடு இருக்கும். நெட் இருந்தால் அவற்றை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.