அடுக்களைக்கு அலமாரி செய்யுமுன்...

வீட்டின் முன்கூடத்தை விருந்தினர் காண்கின்றனர். அடுக்களையை அதில் உழைப்பவரே அறிவார். ரமளானில் ஸஹர் உணவிலிருந்து நோன்புக் கஞ்சி வரை ஒரு தாய் நாள்தோறும் நிற்கும் இடம் அது. ஆயினும் அவ்விடத்து அலமாரியை அவரைக் கேளாமலே முடிவு செய்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வளைகுடாவிலிருக்கும் கணவர் படத்தைப் பார்த்துச் சம்மதிக்கிறார். கடைக்காரர் சுவரை அளக்கிறார். வேலை முடிந்தபின் மனைவியிடம் காட்டுகின்றனர். பளபளப்பு கண்ணைக் கவர்கிறது. சில மழைக்காலங்கள் சென்றபின் பலகை உப்பிக் கதவு தொங்கும்போதுதான் உள்ளே என்ன இருந்தது என்று கேட்கிறோம். அக்கேள்வியை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

கதவு அழகு; பெட்டியே ஆயுள்

பாத்திரங்களின் பாரத்தைத் தாங்குவது கதவன்று, உள்ளிருக்கும் பெட்டியே. மரத்தூளையும் மரச் சிராய்களையும் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு ஆகியவை விலை குறைந்தவை, பார்வைக்கும் வழவழப்பானவை. ஆனால் ஓரத்தில் நீர் ஏறினால் உப்பும்; உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. சிங்க்கின் அடியில் இவற்றை ஒருபோதும் வைக்கலாகாது.

பிளைவுட்டிலும் தரங்கள் உண்டு. 'எம்.ஆர்.' எனப்படுவது காற்றின் ஈரத்தைத் தாங்கும். தேங்கும் நீரைத் தாங்காது. நீர் படும் இடத்திற்கு ஏற்றது ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர எண் பெற்ற 'மரைன்' பிளைவுட். இத்தரத்தைச் சோதிக்கப் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டு, ஒட்டு விடுகிறதா என்று பார்க்கின்றனர். ஆகவே கடைக்காரர் வாய்ச்சொல்லோடு நின்றுவிடாமல், பலகையில் பதித்துள்ள எண்ணைப் படித்துப் பாருங்கள். அறுத்த ஓரங்கள் அனைத்தையும் மூடச் சொல்லுங்கள். நீர் நுழையும் வாயில் அதுவே.

மலிவுப் பலகைகளின் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. புதிய அலமாரியில் நெடி இருந்தால் சன்னல்களைத் திறந்து பல நாட்கள் காற்றாட விடுவது நலம்.

கைக்கெட்டும் தூரத்தில் பழந்தேக்கு

காரைக்குடியில் வாழும் நமக்கு வேறொரு வழியும் உண்டு. பர்மாவிலும் பிற நாடுகளிலும் வணிகம் செய்த நகரத்தார், அங்கிருந்து தேக்கைக் கொணர்ந்து மாளிகைகள் எழுப்பினர். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் பேண இயலாமல் இடிக்கப்பட்ட வீடுகள் பல. அவற்றின் கதவுகளும் நிலைகளும் உத்தரங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

பல்லாண்டுகள் உலர்ந்த மரமாதலால் இது எளிதில் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் பழையது என்பதாலேயே அனைத்தும் நல்லதன்று. கரையானை எதிர்ப்பது தேக்கின் நடுவிலுள்ள வைரப் பகுதி. ஓரத்து வெளிர்மரம் அரிக்கப்படும். தட்டிப் பாருங்கள், துளைகளையும் மறைந்திருக்கும் ஆணிகளையும் தேடுங்கள். இழைத்தபின் கனம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பெட்டி முழுவதற்கும் தேக்குத் தேவையில்லை. கீழே கடப்பாக் கல்லால் தட்டுகள் அமைத்து, முகப்பில் மட்டும் தேக்குக் கதவு பொருத்தலாம். கல்லைக் கரையான் தின்னாது, நீரும் கெடுக்காது. அனுபவமுள்ள ஆசாரி ஒருவரும் கொத்தனார் ஒருவரும் இருந்தால் போதும்.

அளக்க வேண்டியது ஆளை

ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி, 1926இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய 'மாடுலர் கிச்சன்' அனைத்திற்கும் முன்னோடி அது. அழகைக் காட்டிலும், சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், கை எங்கே நீள்கிறது என்பதையே அவர் ஆராய்ந்தார். மாவில் புழு வைக்காதிருக்க, மாவு இழுப்பறையை ஓக் மரத்தால் செய்வித்தார். எப்பொருளை வைக்கிறோமோ அதற்கேற்ற பெட்டி என்பதே அவர் கண்ட நெறி.

நம் வீட்டிலும் அவ்வாறே தொடங்குவோம். மேடையின் உயரம், சமைப்பவரின் மடித்த முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருக்கட்டும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 33 அங்குலம் பொருந்தும். மேல் அலமாரிகள் பொதுவாக ஓரடி ஆழமே உடையவை. நம் வீட்டுச் சஹன் தட்டும் பிரியாணி தேக்சாவும் அதனுள் நுழையா. அவற்றை முதலில் அளந்து, கீழ்த்தட்டில் இடம் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைத் திட்டமிடுங்கள். கனமான பாத்திரத்தைத் தலைக்கு மேல் வைப்பது முதியோருக்கு ஆபத்து.

எரிவாயு உருளையைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைக்காதீர்கள். அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே கதவின் அடிப்பகுதியில் காற்று வெளியேறத் திறப்பு அவசியம்.

தவணையும் தேவையும்

அலமாரிக்காக வட்டியுடன் கூடிய மாதத் தவணையை ஏற்போர் பெருகிவருகின்றனர். வட்டி நமக்கு விலக்கப்பட்டது, வீண்விரயமும் அவ்வாறே. கையிலுள்ள பணத்துக்குச் சிங்க்கின் அடியும் கீழ்த்தட்டுகளும் மட்டுமே ஆகுமெனில், அவற்றை உறுதியாகச் செய்துகொள்ளுங்கள். மேல் அலமாரி அடுத்த ஆண்டு வரட்டும். மலிவுப் பலகையில் முழுச் சுவரையும் மூடி, அது உப்பியபின் மறுபடியும் செலவழிப்பதைவிட இது மேல்.

சகோதரர்களே! முன்பணம் கொடுக்குமுன் உங்கள் தாயையோ மனைவியையோ அடுக்களையில் நிற்கச் செய்து, "கை எதுவரை எட்டுகிறது? எது எங்கே வேண்டும்?" என்று கேளுங்கள். வளைகுடாவில் இருப்பவர் தொலைபேசியிலேனும் கேட்கலாம். அவர் சொல்லும் அளவைக் குறித்துக்கொண்ட பிறகே ஆசாரியை அழையுங்கள்.