உட்செவியும் தலைசுற்றலும்

காலையில் கண் விழித்ததும் அறையே சுழல்கிறது, எழுந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறோம், வாந்தியும் வருகிறது. பித்தம் என்பர் சிலர். இரத்தக் கொதிப்போ என்று அஞ்சுவர் வேறு சிலர். பல சமயங்களில் கோளாறு இருப்பது காதில்.

உட்செவியில் பக்கத்துக்கு மூன்றாக நுண்ணிய அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் நீர் நிறைந்திருக்கிறது. தலையைத் திருப்பும்போது அந்நீர் சற்றுப் பின்தங்க, அதனை நரம்பு மூளைக்கு அறிவிக்கிறது. தலை அசையாதபோதும் இரு பக்கமும் சமமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். தராசின் இரு தட்டுகள் என்று கொள்ளலாம். சளிக்காய்ச்சலை ஒட்டி ஒரு பக்கத்து நரம்போ உட்செவியோ அழற்சியுற்றால் அப்பக்கத்துச் செய்தி குன்றும், தட்டு சாயும். அசையாது படுத்திருந்தாலும் நாம் சுழல்வதாகவே மூளை கொள்ளும்.

தலைசுற்றல் உட்செவியிலிருந்தும் எழலாம் என்பதை 1861-இல் பாரிஸ் மருத்துவர் மெனியேர் எடுத்துரைத்தார். பின்னர், காதில் குளிர்நீரோ வெதுநீரோ விட்டுக் கண்ணின் அசைவால் உட்செவியைச் சோதிக்கும் முறையை வியன்னாவில் பாரனி வகுத்தார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, பாவம், அவர் ருஷியாவில் போர்க்கைதி!

டில்லியிலோ லக்னோவிலோ வாழும் நம்மவர்க்கு ஒரு சங்கடம் உண்டு. ‘மயக்கம்’ என்னும் ஒரே சொல்லால் நினைவிழப்பையும் சுழற்சியையும் குறிக்கிறோம். அதனை ‘பேஹோஷி’ என்று பெயர்த்தால் டாக்டர் இருதயத்தை ஆராயத் தொடங்குவார். ‘சக்கர்’ என்பதும் போதாது; அதுவும் பொருள் அகன்ற சொல்லே. ‘கம்ரா கூம் ரஹா ஹை’, அறை சுழல்கிறது, என்றே சொல்லுங்கள். எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம்: புரண்டு படுக்கும்போது மட்டும் அரை நிமிஷம் சுழன்று நிற்பது வேறு கோளாறு, அழற்சியின் சுழற்சி நாள்கணக்கில் நீடிக்கும். காது திடீரென மந்தமானால் நாள் கடத்தலாகாது. பேச்சுக் குழறல், பொருள் இரண்டாகத் தெரிதல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, நிற்கவே இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்க. மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கக்கூடும்.

அழற்சியின் கடுமை பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணியும். அதன் பின்னும் அஞ்சிப் படுக்கையிலேயே கிடப்பது நம் வீடுகளில் வழக்கம். அதுவே குணத்தைத் தாமதிக்கிறது. சுழற்சியை அடக்கும் மாத்திரையையும் டாக்டர் சொன்ன சில நாளுக்கு மேல் நீட்டலாகாது. சாய்ந்த தட்டைக் கொண்டு நிறுக்க மூளை கற்றுக்கொள்ளும், நடமாடினால்தான் கற்கும். ஒருவர் துணையோடு வீட்டுக்குள் நடக்கலாம். ஒரு பொருளின்மேல் பார்வையை நிறுத்தித் தலையை இருபுறமும் மெல்லத் திருப்பிப் பழகலாம். தொடக்கத்தில் சுற்றல் சற்று மிகும், அஞ்ச வேண்டா. சில வாரங்களில் பெரும்பாலோர் நன்கு தேறுவர். அதுவரை சைக்கிளும் ஏணியும் ஆகா.