துடைத்தாலும் போகாத ஆவி

திருப்பதிக்கு ஏசி ரயிலில் போய்வருபவர்கள் சில ஜன்னல்களில் வெண்புகை படிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். கைக்குட்டையால் எவ்வளவு தேய்த்தாலும் வெளிக்காட்சி தெளியாது. ஆவி இருப்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில். இரைச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து திருப்பதியிலும் சித்தூரிலும் இரட்டைக் கண்ணாடி போட்ட வீடுகளிலும் இதே கோளாறு வரலாம். அழுக்கு என்று விட்டுவிட்டால், இழப்பீடு கேட்கும் கெடு கைநழுவிப் போகும்.

ஜன்னல் ஓரத்தை உற்றுப் பார்த்தால் இரு கண்ணாடிகளையும் பிரிக்கும் அலுமினியப் பட்டை தெரியும். அதில் ஊசிமுனை அளவு ஓட்டைகள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள். பட்டையைச் சுற்றியுள்ள சீல் விட்டுப்போனால் வெளிக்காற்று நுழையும். மணிகள் நனைந்து நிறைந்ததும் ஆவி படியும். முதலில் காலையில் தோன்றி உச்சிவெயிலில் மறையும். பிறகு நிரந்தரக் கறையாகிவிடும். பகல் சூட்டில் உள்காற்று விரிந்து இரவில் சுருங்குவதால் சீல் தளர்கிறது. சட்டத்தின் வடிகால் துளைகளைச் சிமெண்ட் பாலோ மண்ணோ அடைத்துவிட்டால், தேங்கும் மழைநீர் அதை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். துளைகளைச் சுத்தம் செய்ய ஒரு குச்சி போதும்.

இரட்டைக் கண்ணாடி போட்டாலே கரண்ட் பில் குறைந்துவிடும் என்று ஏமாறக் கூடாது. ஒற்றைக் கண்ணாடி வழியாக வெப்பம் கடக்கும் அளவு (யூ மதிப்பு) சுமார் 5.7 என்றால், சாதாரண இரட்டைக் கண்ணாடியில் சுமார் 2.8. ஆனால் நேர்வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அந்த இரட்டைக் கண்ணாடியும் உள்ளே விட்டுவிடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மேற்கு ஜன்னலுக்கு முதலில் வேண்டியது வெளியே ஒரு சன்ஷேடு. வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள கண்ணாடி நேர்வெயிலிலும் உதவும். சீல் போனால் உள்ளே புகும் ஈரம் அந்தப் பூச்சையே அரித்துவிடும். அதற்குக் கொடுத்த பணமும் வீண்.

கண்ணாடியில் துளை போட்டு ஆவியை உலர்த்தித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடி தெளியும், சீல் திரும்பாது. சட்டத்தை விட்டுவிட்டு, கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றுவதே சரியான வழி. பால்கனிக் கதவு என்றால் புதிய கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான அடுக்ககம் என்றால், சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் தெரியவரும் வேலைக் குறையையும் தரக் குறையையும் கட்டுநர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு சொல்வது இது. சொந்த வீட்டுக்கு வாங்கிப் பொருத்தியவர்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கெடு 2 ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். கையில் இருக்க வேண்டியவை: பில், வாரண்டி, தேதியோடு எடுத்த படம், எழுத்து மூலம் கொடுத்த புகாரின் நகல். அலுமினியப் பட்டையில் தயாரிப்பாளர் பெயரோ தேதியோ அச்சாகியிருந்தால் அதையும் படமெடுத்து வைப்பது நல்லது.

திருப்பதியின் லாட்ஜ் உரிமையாளர்களுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு பெரும்பாலும் திறக்காது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் என்ற தகுதி பொதுவாகக் கிடைப்பதில்லை. பிழைப்புக்காகத் தானே தொழில் நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே மூன்றை எழுதி வாங்கிவிட வேண்டும்: உள்ளே ஆவி படிந்தால் அது குறைபாடு, வாரண்டி எத்தனை ஆண்டு, மாற்றும்போது சாரக்கட்டுச் செலவு யாருடையது.